ஆறு ஸ்க்ரூ

அறுப்பு மெஷினுக்குப் பின்னால் இழுத்துப்போகும்
தகரக் கூண்டு, நாங்கள் படுக்கும் வண்டி.
நீடாமங்கலத்தில் மழை முடியும்வரை நின்றது.
தையில் வந்து படுத்தால்
தலைமாட்டுப் பிளைவுட் முனகுகிறது.

வடுவூர் ஜெயசீலி காதை வைத்துக் கேட்டாள்.
"ஏழு அடை."
ஆறு ஸ்க்ரூ கழற்றினோம்.
ஏழேதான்.

தேங்காய்மட்டைப் புகை.
ஒவ்வொரு அடையாய் அறுத்து,
சட்டத்தில் பொருத்தி,
வாழைநாரால் கட்டினாள்
ஒடிந்த கைக்குக் கட்டுவதுபோல.
ராணி தீப்பெட்டிக்குள்.
"இனி அதுகளே வரும்."
வந்தன,
பறக்காமல், நடந்தே.

கூலி வேண்டாமாம், பெட்டி போதுமாம்.
ஓட்டையில் எம்சீல் அப்பினேன்.

விடிந்ததும் டிராக்டரை எடுத்தேன்,
கோட்டூரில் நாலு மா காத்திருக்கிறது.
கண்ணாடியில் பார்த்தால்
ராத்திரி எங்கோ தங்கிவிட்ட பத்துப் பன்னிரண்டு,
வண்டி இல்லாத இடத்தில்,
சரியாக அந்த ஓட்டை இருந்த உயரத்தில்
சுற்றிக்கொண்டிருந்தன.