கட்டம் ஒன்பது

ஆய்வறிக்கைப் படிவத்தில் ஒன்பதாம் கட்டம்:
தீ பிடித்ததற்கான காரணம்.
பதினோரு வருடமாக அதில் நான்
மின்கசிவு என்று எழுதிவருகிறேன்.
பீன்யாவில் நுரைமெத்தைக் கிடங்கு, மின்கசிவு.
சிக்பேட்டையில் ஜரிகைக் கடை, மின்கசிவு.
ஒருமுறை மட்டும் எலி.
வயரைக் கடித்த எலி, ஆகவே அதுவும்.

தீ பிடித்தபோது எங்கே இருந்தீர்கள்
என்று எல்லோரையும் கேட்பேன்.
எல்லோரும் வேறெங்காவது இருந்திருப்பார்கள்.
கோயிலில், சாப்பாட்டில்,
ஓசூரில் ஒரு வளைகாப்பில்.

லைட்டர் இல்லாமல் ஒரு தீயை
என் கையால் உண்டாக்கியதே இல்லை என்பது
கெங்கேரியில் கருகிய ஷட்டரின் முன்னால்
குனிந்திருந்தபோது தோன்றியது.
அன்றிரவே பணம் கட்டினேன்.
காட்டில் பிழைத்திருத்தல், பன்னிரண்டு பாடங்கள்,
கட்டணம் திருப்பித் தரப்படாது.

நடத்துகிறவன் பெயர் யோரன்.
அவனுக்குப் பின்னால் எப்போதும் பனி.
பிர்ச் மரத்தின் பட்டையை உரியுங்கள் என்கிறான்.
கக்கதாசபுரத்தில் பிர்ச்சுக்கு எங்கே போவேன்.
ஏப்ரல் மழை முறித்துப் போட்டதையெல்லாம்
மாநகராட்சி நடைபாதையில் குவித்திருந்தது.
குல்மோகர் பிசுபிசுத்தது.
தூங்குமூஞ்சிக் கிளை பேருக்கேற்றபடி இருந்தது.
கடைசியில் ரயில்பாதை ஓரம் காய்ந்து நின்ற
ஆனைக்கற்றாழையின் பூத்தண்டை
ரொட்டிக் கத்தியால் அறுத்துவந்தேன்.
வில்லுக்குத் திரைச்சீலை தொங்கிய மூங்கில்.
நாண், ஓடுவதற்கென்று வாங்கி
ஓடாத ஷூவிலிருந்து.

எல்லாவற்றுக்கும் யோரனிடம் இங்கிலீஷில் பெயர் இருந்தது.
சுழலும் குச்சிக்கு நம்மிடம் என்ன என்று தேடினேன்.
அகராதி சொன்னது: ஞெலிகோல்.
சொல்லிப் பார்த்தேன். ஞெ என்று
நாக்கு அண்ணத்தில் உரசியது.
சொல்லே கொஞ்சம் சூடாகத்தான் இருந்தது.

மொட்டைமாடி, தண்ணீர்த்தொட்டியின் மறைவு,
காலை ஆறு முதல் ஆறே முக்கால்.
முதல் வாரம் கீச்சொலி.
மூன்றாம் வாரம் கொப்புளம்.
அப்புறம் புகை, புகை மட்டும்,
தலைமுடியில் ஏறி அலுவலகம் வரை வந்தது.
எந்த விபத்துக்குப் போய்வருகிறாய் என்றாள் விசாலி.
கீழ்வீட்டு ஷைலஜா படியேறி வந்து
மேடம், ஹொகெ? என்றார்.
கொசுவுக்கு என்றேன்.
அத்தனை வருடம் பொய் கேட்டவள்
இவ்வளவு மோசமாகவா சொல்வேன்.

ஒரு வியாழக்கிழமை, வீட்டிலிருந்தே வேலை,
காதில் ஒன்பதரை மணிக் கூட்டம்.
மைக்கை அணைத்ததாகத்தான் நினைவு.
நிலுவையில் எத்தனை என்று யாரையோ கேட்டார்கள்.
வில் போய்வந்து போய்வந்து
பாதத்தின் கீழ் பலகை முனக
பள்ளத்தில் திரண்ட கருந்தூள்
நான் நிறுத்திய பிறகும் புகைந்தது.
நிறுத்திய பிறகும்.
அதுதான் அடையாளம் என்றிருந்தான் யோரன்.
தேங்காய்நாரில் ஏந்தி ஊதினேன்.
ஊதினேன்.
காதுக்குள் ஒரு குரல்:
மேடம், உங்களுக்கு மூச்சுத்திணறலா?
முப்பத்தேழு, என்றேன்,
நிலுவையில் முப்பத்தேழு.
என் கைக்குள் தீ நிமிர்ந்து உட்கார்ந்தது.

காலிப் பூத்தொட்டியில் நான்கு நிமிடம் எரிந்திருக்கும்.
அதில் தேநீர்கூட வைக்கவில்லை.
தீ பிடித்தபோது நான்
அங்கேயே இருந்தேன், அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் பாடம் அணைப்பது.
மற்ற பாடங்களைவிட நீளம்.
நீர் ஊற்று, கிளறு, மறுபடி ஊற்று,
பிறகு புறங்கையால் தொட்டுப் பார்.
இது மட்டுமாவது எனக்குத் தெரியும் என்றிருந்தேன்.
எத்தனை சாம்பல், எத்தனை கிடங்கு,
எல்லாம் நான் போய்ச் சேரும்போது ஆறியிருக்கும்.

தொட்டேன்.
இல்லை. இன்னும் ஒரு குவளை வேண்டும்.