சுங்கப் படிவம்

பார்ன்ஸ்லியில் என் தபால் கவுண்டருக்கு
வியாழன்தோறும் வருவார் டெரக் ஹின்ச்கிளிஃப்.
பொட்டலத்தைத் தராசில் வைத்ததும்
எண்ணைப் பார்க்கமாட்டார்,
கண்ணை மூடிக்கொள்வார்.

லைட்வெயிட். அறுபத்தொரு கிலோ இருநூறு கிராம்.
பதினோரு வருடம் அந்த இருநூறோடுதான் வழக்கு.
டான்காஸ்டரில் பட்டத்துக்கான போட்டிக்கு முந்தின நாள்
தலையை மழித்தாராம்,
குடுவையில் துப்பித் துப்பி
நாக்கு செருப்புத் தோலாகிவிட்டதாம்.
எடை சரியாக வந்தது,
மறுநாள் மேடைக்கு ஆள்தான் வரவில்லை என்றார்.
மூன்றாம் சுற்று.

முப்பத்திநாலு ஆட்டம். தோற்றது பதினொன்று.
ஜெயித்தவற்றைப் பற்றிக் கேட்டால்
ஸ்டாம்ப் விலை ஏறிவிட்டதே என்பார்.

இன்று பொட்டலம் மார்சேய்க்கு.
உள்ளே என்ன? கேட்டே ஆக வேண்டும்.
வலது பக்கம் திரும்பி, மறுபடி கேட்கச் சொன்னார்.
குத்துச்சண்டைக் கையுறை. ஒரு ஜோடி.
பெல்காசெம் போன மாதம் போய்விட்டான்,
மகளுக்கு அனுப்புகிறேன்.
என் இடது காது அவனிடம்தான் இருக்கிறது.

மதிப்பு?
பூஜ்ஜியம் போட்டால் கணினி ஏற்காது.
கண்ணாடித் தடுப்பில் கையை ஊன்றி நின்றார்.
முட்டிகள் பூண்டுப் பற்கள் மாதிரி.
பின்னால் வரிசை இருமியது.
நான் ஏனோ மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்,
ஐந்து, ஆறு,
ஒரு பவுண்ட் போடும்மா.

போட்டேன். தராசில் வைத்தேன்.
கண்ணை மூடினார்.
ஐந்நூற்றுப் பத்து கிராம், என்றேன்.
கூடவா?
இல்லை, உள்ளேதான்.

பக்கத்து அலமாரியில் ஒரு சாக்லேட்டை எடுத்து
காசு தரும் முன்னாலேயே
கடித்தார்.