மெதுவான படகின் வேகம்

சலாலாவை விட்டுக் கிளம்பும்போது ஐந்து படகுகள்.
துறைமுகத்துக் காப்பிக்கடை மேசையில்
சர்க்கரைப் பொட்டலங்களை அடுக்கி
வில்லெமெய்ன் அணிவகுப்பைக் காட்டினாள்:
முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு,
நடுவில் கெனொலேயின் பழைய இரும்புப் படகு.
ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரம்.
யாரும் யாரையும் விட்டுப் போவதில்லை.
எல்லோரும் தலையாட்டினோம்.
ரோவன் ஒரு பொட்டலத்தைப் பிரித்து
தன் காப்பியில் கொட்டிக்கொண்டான்.

அந்த இரும்புப் படகு நாலரை நாட்டுக்கு மேல் போகாது.
ஆகவே ஏடன் வளைகுடாவில்
எங்கள் எல்லோருடைய வேகமும் நாலரை.
நடந்தே போயிருக்கலாம் என்பார் நெவ்சாத்.

இரவில் விளக்கில்லை.
இருக்கும் இடத்தை வானொலியில் சொல்லக்கூடாது;
வரைபடத்தில் புள்ளிகள் குறித்து
செத்துப்போன தன் பூனைகளின் பெயர்களை
வைத்திருந்தாள் வில்லெமெய்ன்.
ஸ்னுஃபுக்குத் தெற்கே மூன்று மைல் என்று
கிசுகிசுத்துக்கொண்டோம்.
போர்க்கப்பல் ஒன்று குரலை மட்டும் அனுப்பியது:
உதவி வர எட்டு மணி நேரம் ஆகும்,
நல்ல பயணம்.
கல்யாண மோதிரத்தை
கோதுமை நொய் டப்பாவுக்குள் புதைத்தேன்.
இரண்டாம் நாளே மறந்து சமைக்கப் பார்த்தேன்.

மூன்றாம் இரவு காற்று செத்துக் கிடந்தது.
கெனொலேயின் எஞ்சின் இருமியது,
மறுபடி இருமியது,
பிறகு இல்லை.
டீசலில் அழுக்கு. இருபது நிமிடம், என்றார்.
எல்லோரும் எஞ்சினை அணைத்து மிதந்தோம்.
ஒரு மணி நேரம். இரண்டு.
கடல் அவ்வளவு அமைதியாக இருந்தால்
அடுத்த படகில் ஸ்பேனர் விழுவதுகூடக் கேட்கும்.
கேட்டது.
தொடர்ந்து பிரெட்டன் மொழியில் ஒரு வசவு.

அப்போதுதான் ராடாரில் இரண்டு புள்ளி.
ஆறு மைல். ஐந்தரை.
நெவ்சாத் ஒன்றும் சொல்லவில்லை.
எஞ்சின் சாவியின்மேல் ஒரு கை இருந்தது.
இருட்டில் அது அவருடையது என்று நினைத்தேன்.
என் விரல்கள்.
அந்த நேரம் எங்கோ ஓர் எஞ்சின்
மெல்ல உயிர்த்து, மெல்லத் தேய்ந்தது.
எங்களுடையதல்ல.
அதை எல்லோரும் கேட்டோம்.
எவரும் கேட்டதாகச் சொல்லவில்லை.

விடிந்தபோது புள்ளிகளைக் காணோம்.
மீனுக்கு வந்தவர்களோ, எங்களுக்கு வந்தவர்களோ,
அலை சொன்ன பொய்யோ,
இன்றுவரை தெரியாது.
முழங்கைவரை கறுத்த கையோடு கெனொலே எழுந்து நின்று
விரல் நீட்டி எங்களை எண்ணினார்.
முதலிலிருந்து மறுபடி எண்ணினார்.
ரோவன், ஹெட்டியின் கட்டமரான் இருந்த இடத்தில்
வெறும் தண்ணீர், வழவழப்பாக.
வானொலியை யாரும் எடுக்கவில்லை.
எடுத்தால் என்ன கேட்பது?
அந்தப் படகில் இரண்டு பிள்ளைகள்.
பெரியவளுக்கு ஏழு வயது.

ஜிபூட்டியில்
எங்களுக்கு முன்பே நங்கூரமிட்டிருந்தார்கள்.
கம்பியில் காய்ந்தன குட்டி நீச்சலுடைகள்.
கெனொலே ரப்பர் படகை இறக்கி
நேரே அங்கே துடுப்பு வலித்தார்.
செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டுப் பார்த்தோம்.
உபரியாக டீசல் வடிகட்டி இருக்கிறதா
என்று கேட்டாராம்.
ரோவன் மூன்று கொடுத்தானாம்.
காசு வாங்கவில்லையாம்.
அவ்வளவுதான் பேச்சு.

மாலையில் குழாயடியில்
அந்தப் பெரிய பெண் என் கேனைப் பிடித்துக்கொண்டாள்.
"ராத்திரி திரும்பித் திரும்பி எண்ணினேன்," என்றாள்.
"முதலில் நாலு நிழல். அப்புறம் ஒன்றுமில்லை.
பின்னாலேயே வருகிறார்கள் என்றார் அப்பா.
வந்தீர்களா?"

தண்ணீர் நிரம்பி வழிந்து
எங்கள் கால்களை நனைத்துக்கொண்டிருந்தது.
வந்தோம், என்றேன்.
கேனின் மூடியைத் தேடினேன்.
அது அவள் கையில் இருந்தது.