இரண்டாம் வியாகுலம்

ஏலப்பாறையில் மழை என்று சொல்ல முடியாது,
மேகம் பீரோவுக்குள் வரைக்கும் வந்திருந்தது.
கபியார் பத்ரோஸ் பதிவேட்டைத் துண்டால் துடைத்து வைத்தார்.
தேடுகூலி இருபது ரூபாய்,
கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்.

"ஆளு எப்ப மரிச்சது?"
பத்தொன்பதில் என்றேன். மலைக்காய்ச்சல்.
ஊருக்கு வந்த கங்காணி சொன்னது.
அதிலிருந்து கல்லறைத் திருநாளுக்கு
அவருக்கும் ஒரு திரி,
குழி இல்லாதவர் என்பதால் சுவரோரம்.

அடக்கப் பதிவில் அந்த வருஷம் முப்பத்தோரு பேர்.
சந்தியாகு இல்லை.
ஒருவருக்குப் பெயரே இல்லை,
"ஒரு தமிழன்" என்று லத்தீனில் எழுதியிருப்பதாகக்
கபியார் படித்துச் சொன்னார்.

பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு,
"சந்தியாகுன்னு எழுத மாட்டாங்க. அப்போ சாயிப்பு அச்சன்.
யாக்கோபுஸ் உண்டோ நோக்கு.
பின்னே நம்ம அச்சன்மார் வந்தப்போ, சாக்கோ."
அப்படியென்றால் எத்தனை முறை
அவரைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

சாக்கோக்கள் மலை முழுக்க இருந்தார்கள்.
இருபத்து நான்கு, தை, யாரோ இருவர் கல்யாணம்.
சாட்சி இடத்தில், மலையாள எழுத்துகளுக்கு நடுவே
வால் நீண்ட ஒரு தமிழ்க் 'கு'.
செத்து ஐந்து வருஷம் கழித்து
மை தொட்டு, மெதுவாக,
'ந்'தன்னாவுக்குப் புள்ளி மறக்காமல்.

கபியார் சிரித்தார்.
அடுத்த ஏடு ஞானஸ்நானம்.
தகப்பன் சாக்கோ, மூணாம் டிவிஷன். தாய் ஏலி.
குழந்தை பெயரை அவர் எழுத்துக்கூட்டினார்:
வி, யா, கு, லம்.

எங்கள் தாத்தாவுக்கு அப்போது பத்து வயது.
சங்கரன்கோவில் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டு,
அதே பெயரோடு.

மறக்க முடியாமல் வைத்தாரா,
முதல் பிள்ளை பிழைத்திருக்காது என்று வைத்தாரா,
அந்தக் கட்டத்துக்கு நேரே
பூச்சி அரித்த ஓட்டை மட்டும்.
அதன் வழியே அடுத்த பக்கத்துப் பிள்ளையின் பெயர் பாதி தெரிந்தது.

"இது நம்ம வியாகுச் சேட்டன் அல்லே!"
கபியார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.
"முழுப்பேர் இப்பத்தான் தெரியுது.
ஆளு போயாச்சு. மக்கள் உண்டு, கீழே லயத்தில,
பதினாலாம் நம்பர், நீலத் தார்ப்பாய்."
ரசீதில் உறவு என்ற இடத்தைக்
காலியாக விட்டே கொடுத்தார்.

நாலேகாலுக்குக் குமுளி பஸ்.
பையில் மெழுகுவர்த்தி, குழி கண்டால் ஏற்ற.
அதை எடுத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போக முடியாது.
முக்குக் கடையில் பிஸ்கட் கேட்டேன்.
வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்றார் கடைக்காரர்.
பெரிய பாக்கெட்டாகக் கொடுங்கள் என்றேன்.