மசங்கலுக்கு ஓர் எண்

தீப்பெட்டியில் பாதிதான் இருக்கும் இந்தச் சென்சார்.
முதுகில் ஒட்டு டேப்,
வயிற்றில் ஒற்றைக் காசு பேட்டரி,
நெற்றியில் கடுகளவு கண்.
லக்ஸ் தவிர வேறு கணக்கு அதற்குத் தெரியாது.

சோமனூர் தாண்டி,
தறிச்சத்தம் தேயும் வளைவில்
தெய்வசிகாமணி வீடு.
முதல் நாள் பிழை என்னுடையது:
விளக்கைப் பார்க்கும்படி ஒட்டிவிட்டேன்.
இருட்டு என்றது, விளக்கு எரிந்தது.
வெளிச்சம் என்றது, அணைந்தது.
ஆறரை முதல் ஏழு வரை
ஹால் கண்ணடித்துக்கொண்டே இருந்ததாம்.
எதிர்வீட்டில் கேட்டார்களாம்,
"என்னங்க, வூட்டுல விசேசமுங்களா?"

மறுநாள் வடக்கு ஜன்னல் சட்டத்துக்கு மாற்றினேன்.
பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்த ஆடி மேகம்
நண்பகலை மூடி மூடித் திறந்தது:
எண்ணூறு, தொண்ணூறு, எழுநூறு, எண்பது.
'ஐந்து நிமிடம் பொறு' என்று எழுதிவைத்தேன்.
வளைவில் திரும்பும் நூல் லாரி
நள்ளிரவில் விடிந்துவிட்டது என்று சொல்லும் பொய்க்கும்
அதே ஐந்து நிமிடம்.

மிச்சம் ஒரு கேள்வி.
எந்த எண்ணில் இருட்டு?

"எப்பங்க லைட்டு எரியோணும்?"
"மசங்குனதும்" என்றார்கள் இருவரும்,
ஒரே மூச்சில்.

சரி, மசங்கட்டும் என்று உட்கார்ந்தோம்.
சோபாவில் அவர்கள்,
பிளாஸ்டிக் நாற்காலியில் நான்,
மடியில் போன்.
காபியில் ஆடை படிந்தது.
நூற்றி அறுபது.
நூற்றி முப்பது.
"போட்டுருங்க, மசங்கிருச்சில்லீங்" என்றார் அவர்.
கோகிலாமணி சிரித்தார்:
"பட்டப்பகலுங்க இது.
நான் ஊசி கோப்பேன் இதுல."

எழுபது.
"பகலெல்லாம் டியூப்லைட்டுக்கு அடியில
பனியன்ல கறை தேடறவ நானு.
வூட்டுலயாச்சும் கொஞ்சம்
இருட்டோட இருந்துக்கறனே.
இன்னும் எறங்கட்டும்."

நாற்பதில் அவர் தண்ணீர் குடிக்க எழுந்தார்.
டீப்பாயை முழங்கால் தேடியது.
சுவரில் உள்ளங்கை பதித்து
நடையின் கதவுநிலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் போனார்.
சமையலறைப் படியில்
கால் காற்றை மிதித்துப் பார்த்து
பிறகுதான் இறங்கியது.
"கரண்டு மிச்சமாகட்டும்னுதான்
சுச்சுப் போடறதில்லீங்"
என்றார் உள்ளிருந்து.
யாரும் கேட்கவில்லை.

பன்னிரண்டில் கோகிலாமணி தலையாட்டினார்.

எரிய ஓர் எண், அணைய ஓர் எண்.
இரண்டும் ஒன்றானால் விளிம்பில் தத்தளிக்கும்.
நடுவே எதுவும் நடக்காத கொஞ்சம் இடம் வேண்டும்.
ஹால்: பன்னிரண்டில் எரி, முப்பதில் அணை.

பையில் இன்னொரு சென்சார் இருந்தது,
காரணம்பேட்டையில் வேறொருவருக்கானது.
நடையில், விளக்கின் பார்வை படாத மூலையில் ஒட்டினேன்.
நூற்றி ஐம்பதில் எரி, இருநூற்றைம்பதில் அணை.
படியோரம் ஒரு எல்இடி பட்டை.

"இதுக்கு எத்தனைங்?"
"டெஸ்டுக்குங்க, காசில்ல."
"நம்பரு?"
"ரெண்டுக்கும் ஒண்ணுதானுங்."

கடவுச்சொல்லை கோகிலாமணி போனில் போட்டுக்கொடுத்தேன்.
கேட்டருகே நின்று திரையைத் தள்ளினார்.
பன்னிரண்டு. தள்ளினார். நூற்றி ஐம்பது.
திரை வெளிச்சத்தில் முகம் கொஞ்ச நேரம்
அப்படியே இருந்தது.
நடையில் அவர் இப்போது
சுவரைத் தொடாமல் வந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க," என்றார் தாழ்ந்த குரலில்,
"கண்ணாஸ்பத்திரி
ஞாயித்துக்கெழம தொறந்திருக்குங்களா?
எனக்கு அன்னைக்குத்தான் லீவு."
தெரியலைங்க என்றேன்.
உண்மையிலேயே தெரியாது.

அந்த வீட்டிலிருந்து என் பெயரை நீக்க
மறந்துவிட்டேன்.
செவ்வாயன்று வேறெதற்கோ திறந்தபோது
பதிவு கிடந்தது:
6:22 நடை எரிந்தது.
6:41 ஹால் எரிந்தது.

பன்னிரண்டுக்கு இது சீக்கிரம்.
உள்ளே போய்ப் பார்த்தேன்.
பன்னிரண்டு இருந்த இடத்தில் அறுபது.
எரிய அறுபது, அணைய நூறு,
இடைவெளியெல்லாம் சரியாக விட்டு.

ஏன் அறுபது என்று தெரியவில்லை.
பேட்டரி தொண்ணூற்றெட்டு சதம்.