மருந்துக்கடைக்கு வந்த கடிதங்கள்

முதல் கடிதம் இருபத்தாறு, மார்ச்.
ஃபால்மத் துறையில் மத்தி இறங்கிய நாள்.
உறையிலும் அந்த வாடை.
"மதிப்புக்குரிய ட்ரெகென்சா,
வீட்டு வேலைக்காரி ஒருத்தியைக் கொல்ல
எத்தனை குன்றிமணி ஆர்செனிக் வேண்டும்?
பயப்படாதீர்கள். நான் கதை எழுதுகிறவன்."

நான் பயப்படவில்லை, சிரித்தேன்.
அவுரி நீலம் கலந்துதான் விற்போம், சட்டம் அப்படி,
உங்கள் பாதாம் கேக்
எங்கள் ஊர்க் கடலைவிட நீலமாகிவிடும் என்று எழுதினேன்.
மறுதபாலிலேயே
கேக்கின் மேல் கருப்புத் திராட்சை ஜாம் தடவிவிட்டார்
ஆம்ப்ரோஸ் வெல்பி.

நான்காம் அத்தியாயத்தில் எட்னா செத்தாள்.
அரை வாக்கியம்.
எதையோ பார்த்தாளாம், சொல்லுமுன்.
ஐந்தாம் அத்தியாயத்தில் எல்லோரும் தேநீர் குடித்தார்கள்.
ஜாம் யார் தட்டில் என்பதே பேச்சு.
கல்லாவில் நின்றபடியே கண்டுபிடித்துவிட்டேன்.
அந்தப் பெருமை ஒரு வாரம் தாங்கியது.

பிறகு ரயில்கள்.
ட்ரூரோவில் நான்கு நிமிடம் நிற்கிறது,
இறங்கிக் கொன்றுவிட்டு ஏற முடியுமா?
ஓடிப் பார்த்தேன். முடியாது,
டிக்கெட் பரிசோதகர் வாயாடி.
பிறகு உள்ளே தாழிட்ட அறை,
உருகிப்போகும் பனிக்கட்டிக் கத்தி,
சாவித் துவாரத்தில் தையல் நூல்.
ஒரு பிணத்தைச் சுற்றி
எவ்வளவு தச்சு வேலை!

போருக்குப் பிறகு விஷம் கேட்கவில்லை.
மழைக்கோட்டில் ரத்தம் காய எவ்வளவு நேரம் என்றார்.
அமெரிக்கக் காற்று அடித்திருந்தது.
வாக்கியங்கள் குட்டை.
துப்பறிகிறவனுக்கு வாடகை பாக்கி.
நகரமே கொலையாளி,
அதற்கு எந்த அளவில் விலங்கு?

அறுபத்து மூன்றில்,
"இரவெல்லாம் நிற்கும் போலீஸ்காரனின் குதிகால் வலிக்கு
என்ன கொடுப்பீர்கள்?
அவன் மனைவி அவனோடு பேசுவதில்லை."
எப்சம் உப்பு, வெந்நீர் என்றேன்.
இரண்டாவதற்கு எதுவும் எழுதவில்லை.
யார் கொன்றது என்று
அந்தப் புத்தகம் பத்தாம் பக்கத்திலேயே சொல்லிவிட்டது.
மிச்சம் இருந்த முந்நூறு பக்கத்தையும்
விடிய விடியப் படித்தேன்.
ஏன் என்று எனக்கே தெரியாது.

கடைசிக் கடிதம் எழுபத்தொன்று. கை நடுங்கிய எழுத்து.
மதிப்புக்குரியவும் இல்லை, மார்ச்சும் இல்லை.
"எட்னாவுக்கு அம்மா இருந்தாளா?"

விஷப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன், ஏனோ.
பெயர், அளவு, எதற்காக, கையொப்பம்.
எலிக்கு. எலிக்கு. களைக்கு. எலிக்கு.
அப்புறம் என்ன ஆயிற்று என்று எழுத
அதில் கட்டம் கிடையாது.

கடையைத் திறக்காமலே பதில் எழுதினேன்:
இருந்தாள்.
நியூலினில் மீனுக்கு உப்புப் போடுகிறவள்.
உங்கள் ஐந்தாம் அத்தியாயத்தில்
யாரும் அவளுக்குத் தந்தி அடிக்கவில்லை.
எட்னாவின் ஒன்பது நாள் சம்பளம்
இன்னும் பாக்கி.