கதவுக்கு இந்தப் பக்கம்

நாலாம் குறுக்குத் தெருவில்
செத்தல் மிளகாய் மூட்டை இறக்கிவிட்டு
கொட்டாஞ்சேனை மாடிக்கு ஏறுகிறேன்,
மூன்றாம் தளம்.
"அப்பா, அங்கேயே நில்லுங்கோ."
உள்ளேயிருந்து நிருக்ஷி.

கிளினிக்கில் மிஸ்ஸி எழுதித் தந்த தாளின்படி
நுளம்புத்திரி போனது, வலை வந்தது.
இலவம்பஞ்சுத் தலையணை போனது.
மழைக்குக் கறுத்த சுவர்மூலைக்காக
வீட்டுக்காரனோடு இரண்டு மாதம் சண்டை.
சாம்பிராணி வெள்ளிக்கு வெள்ளி மட்டும் என்றாள் மனைவி.
ஒரு வெள்ளி இரவு, மூன்று மணி,
பிள்ளையின் விலா உள்ளே போய்ப் போய் வந்தது.
விடிந்ததும் தணல்சட்டியை
அவளே கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

அப்படியும் முட்டு வந்தது,
பின்னேரம் ஆறரைக்கு,
மணி பார்த்து வருவதுபோல.
ஆறரைக்கு வேறு யார் வருகிறார்கள்
என்று நாங்கள் யோசிக்கவில்லை.

தோளில் தாவி ஏறியவள்
தும்மி, இருமி, தானாகவே இறங்கி
"அப்பா, நீங்க உறைக்கிறீங்க" என்றாள்.

தாளில் என் பெயர் இல்லைதான்.

இப்போது படிமுடிவில், பொதுக்குழாயடியில்
ஒரு வாளி, ஒரு சாரம், சவர்க்காரத் துண்டு.
சேர்ட்டைப் பையில் முடிந்து வைக்கிறேன்.
மேல்மாடி மெண்டிஸ் தினமும் சிரித்துக்கொண்டே தாண்டுகிறார்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் எண்ணுகிறாள்.
முன்பு பன்னிரண்டில் மூச்சு அறும்.
இன்று அறுபத்து நாலு,
அறுபத்தைந்து,
"இன்னும் முடியேல்லையா?" என்று
ஒரே மூச்சில் கத்துகிறாள்.

எப்போதோ முடிந்துவிட்டது.
இன்னொரு வாளி நிரப்புகிறேன்,
மெதுவாக.